பிக்அப் வண்டிக்குக் கூடுதல் பட்டையா, ஹெல்பரா, ஏர் பேக்கா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போலேரோ பிக்அப், யோதா, தோஸ்த், இன்ட்ரா, டி-மேக்ஸ் என்று பெயர் எதுவானாலும் பின்னால் இருப்பது லீஃப் ஸ்பிரிங்தான். காலையில் ஒன்றரை டன் ஏற்றிப் போய், மத்தியானம் காலியாகத் திரும்புகிற வண்டியில் அந்த ஒரே ஸ்பிரிங் இரண்டு நிலைக்கும் ஈடுகொடுக்க வேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. பாகங்களின் பெயர் பட்டறைக்குப் பட்டறை மாறும். இங்கே முழு அடுக்கைக் கட்டை என்றும், அதிலுள்ள ஒவ்வொரு தகட்டையும் பட்டை என்றும் சொல்கிறோம். ஹெல்பர் என்பது கட்டைக்கு மேலே வரும் துணை அடுக்கு. ஏர் பேக் என்பது ஆக்சிலுக்கும் சேஸுக்கும் நடுவே வைக்கும் காற்றடைத்த ரப்பர் பை.

லோடு ஏற்றினால் பின்பக்கம் குந்துகிறது. ஒரு பட்டை சேர்த்துவிட்டால் சரியாகிவிடுமா?

குந்துவதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். கட்டை களைத்துப் போயிருக்கலாம், எடை கூடியிருக்கலாம், எடை வைத்த இடம் தப்பாக இருக்கலாம். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. களைத்த கட்டையில் புதுப் பட்டை ஒன்றைச் செருகினால் மொத்தப் பாரமும் அந்தப் புதுப் பட்டையின் தலையில் விழும். முதலில் முறிவதும் அதுதான். அதனால் பட்டறைக்குப் போகும் முன் அளவு எடுங்கள். அரை மணி நேர வேலை.

என்ன அளக்க வேண்டும்? எப்படி?

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, காற்றைச் சரியாக அடித்து, ஹேண்ட் பிரேக்கை விட்டு, கியரை நியூட்ரலில் போட்டுச் சக்கரங்கள் உருளாமல் மரத்துண்டால் முட்டுக் கொடுங்கள். பின் சக்கரத்தின் நட்ட நடுவிலிருந்து நேர் மேலே பாடியின் விளிம்பு வரை டேப் வைத்து அளக்க வேண்டும். தரையிலிருந்து அளந்தால் டயர் அமுங்குவதும் கணக்கில் சேர்ந்துவிடும். இரண்டு பக்கமும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கூடவே, ஆக்சில் ஹவுசிங்குக்கும், அது சேஸில் இடிக்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் எவ்வளவு இடைவெளி என்றும் பாருங்கள். காலியாக ஒரு முறை, பாதி லோடில் ஒரு முறை, முழு லோடில் ஒரு முறை.

முழு லோடில் நின்ற இடத்திலேயே ரப்பர் ஹவுசிங்கைத் தொடுகிறது, அல்லது விரல் நுழையும் அளவுக்குத்தான் இடைவெளி இருக்கிறது என்றால் கட்டைக்கு உதவி தேவை. முழு லோடில் நல்ல இடைவெளி இருக்கிறது, பார்க்கத்தான் தாழ்ந்து தெரிகிறது என்றால் செலவு செய்ய வேண்டாம். லோடு ஏறினால் பின்பக்கம் இறங்கத்தான் செய்யும். காலி வண்டியின் பின்பக்கம் சற்றுத் தூக்கியிருப்பதே அதற்காகத்தான்.

பிறகு எடை மேடை. முழு வண்டி, முன் சக்கரங்கள் மட்டும், பின் சக்கரங்கள் மட்டும் என்று மூன்று எடை போட்டு வாங்குங்கள். ஸ்பிரிங் தேர்வுக்கு முக்கியமானது மூன்றாவது சீட்டு.

எவ்வளவு ஏற்றுகிறேன் என்பது எனக்குத் தெரியும். எடை மேடைக்கு எதற்காகப் போக வேண்டும்?

பெரும்பாலும் நினைப்பதைவிட நிஜம் கூடுதலாகவே இருக்கும். 20 லிட்டர் தண்ணீர் கேன் கேனோடு சேர்த்து ஏறக்குறைய 21 கிலோ. 60 கேன் ஏற்றினால் 1,260 கிலோ. சிமென்ட் 30 மூட்டை 1,500 கிலோ. மணலில்தான் ஏமாற்றம் அதிகம். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. எம்-சாண்ட் ஒரு கன மீட்டர் 1.6 டன் என்று குறைத்து வைத்தாலும், ‘அரை யூனிட்தானே’ என்று ஏற்றுவது 2.2 டன்னைத் தாண்டும். நனைந்திருந்தால் இன்னும் மேலே. ஒன்றரை டன் வண்டிக்குக் கால் யூனிட்தான் கணக்கு. பக்கவாட்டு கிரில், தார்ப்பாய், கூண்டு, டிரைவர், கூட வரும் ஆள் எல்லாமே எடைதான்.

லோடை எங்கே வைப்பது என்பது ஸ்பிரிங்கைப் பாதிக்குமா?

ஒரு புதுக் கட்டை அளவுக்குப் பாதிக்கும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 3,000 மி.மீ. தூரம் உள்ள வண்டியை எடுத்துக்கொள்வோம். 1,500 கிலோ லோடின் மையம் பின் ஆக்சிலுக்கு 300 மி.மீ. முன்னால் இருந்தால், 150 கிலோ முன் ஆக்சிலுக்கும் 1,350 கிலோ பின் ஆக்சிலுக்கும் போகும். அதே வண்டியில் 500 கிலோவை மட்டும் டெயில் கேட் பக்கம் ஆக்சிலைத் தாண்டி 600 மி.மீ. பின்னால் வைத்துப் பாருங்கள். பின் ஆக்சிலில் 600 கிலோ விழும். முன் ஆக்சிலிலிருந்து 100 கிலோ குறையும். ஸ்டீயரிங் லேசாகி, முன் பிரேக்கின் பிடி குறைந்து, ஹெட்லைட் மரத்தைக் காட்டும். கம்பி, பைப், வாழைத்தார் ஏற்றுகிறவர்கள் வண்டி குந்துகிறது என்று சொல்லும்போது பல நேரம் மாற்ற வேண்டியது கட்டையை அல்ல, அடுக்கும் முறையை. கனமானதைக் கேபினை ஒட்டி வையுங்கள்.

கூடுதல் பட்டைக்கும் ஹெல்பருக்கும் என்ன வித்தியாசம்? இரண்டும் பலம்தானே?

பலம் இரண்டிலும் வரும். எப்போது வருகிறது என்பதில்தான் வித்தியாசம். மேலே சொன்ன வண்டியையே கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

காலியாக இருக்கும்போது பின் கட்டைகள் இரண்டும் சேர்ந்து 500 கிலோ தாங்குகின்றன. 20 கிலோ ஏறினால் 1 மி.மீ. இறங்கும் விறைப்பு என்று வைத்துக்கொள்வோம். 1,350 கிலோ ஏறினால் பின்பக்கம் 67 மி.மீ. இறங்கும். காலியாகப் போகும்போது பின்பக்கம் வினாடிக்கு ஏறக்குறைய 3.1 முறை ஆடும். இதுவே முரட்டு ஓட்டம்தான். விறைப்பை 30 சதவீதம் கூட்டும் அளவுக்குப் பட்டை சேர்த்தால் முழு லோடில் இறக்கம் 52 மி.மீ. ஆகக் குறையும். நல்லதுதான். ஆனால் காலி வண்டியின் ஆட்டம் வினாடிக்கு 3.6 ஆக ஏறிவிடும். ஸ்பீடு பிரேக்கரில் தூக்கிப் போடும், மழையில் வளைவில் பின் சக்கரம் பிடி விட்டுத் தாவும், பாடி வெல்டிங் விரியும்.

இப்போது ஹெல்பர். பிரதானக் கட்டைக்கு மேலே தனி அடுக்காக இருக்கும். அதன் இரு நுனிகளும் சேஸில் உள்ள பிராக்கெட்டைத் தொடாமல் நிற்கும். வண்டி 45 மி.மீ. இறங்கிய பிறகு தொடும்படி வைத்து, ஹெல்பரின் விறைப்பு மி.மீ.க்கு 16 கிலோ என்று கொள்வோம். முதல் 900 கிலோவைப் பழைய கட்டை மட்டும் தாங்கும். மீதி 450 கிலோவை இரண்டும் சேர்ந்து தாங்க, 12 மி.மீ. மட்டும் கூடுதலாக இறங்கும். மொத்தம் 57 மி.மீ. காலி ஓட்டத்தில் எந்த மாற்றமும் இல்லை.

தினமும் போக வர இரண்டு பக்கமும் லோடுதான், காலியாக ஓடுவதே இல்லை என்றால் பட்டை சேர்ப்பது நியாயம். மொத்த ஓட்டத்தில் பாதி தூரம் காலியாக ஓடுகிற வண்டிக்கு எங்கள் தேர்வு ஹெல்பர். கம்பெனி ஹெல்பர் ஏற்கெனவே இருந்தால் முதலில் நுனிகளைப் பாருங்கள். அங்கே பளபளவென்று தேய்ந்த தடம் இருந்தால் ஹெல்பர் வேலை செய்கிறது. துருவும் மண்ணும் அப்பியிருந்தால் அது இன்னும் தொடவே இல்லை. காலியாக நிற்கும்போதே தொட்டுக்கொண்டிருந்தால் கீழ்க் கட்டை களைத்துவிட்டது.

பட்டை சேர்ப்பதாக முடிவு. எந்தத் தடிமனில், எங்கே சேர்ப்பது?

அடுக்கில் ஏற்கெனவே உள்ள பட்டைகளின் அதே அகலம், அதே தடிமன். ‘கொஞ்சம் தடிமனாகப் போட்டால் தாங்கும்’ என்ற எண்ணம்தான் அதிகம் உடைக்கிறது. பட்டையின் விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். தடிமன் 10 சதவீதம் கூடினால் விறைப்பு 33 சதவீதம் கூடும். எல்லாப் பட்டையும் ஒரே அளவுதான் வளைகின்றன என்பதால், தடித்த பட்டையின் மேற்பரப்பில் இழுவிசை மற்றவற்றைவிட அதிகம். அதனால் மெலிந்த கூட்டத்தில் தடித்தது முதலில் முறியும்.

நீளத்தில் படிக்கட்டு ஒழுங்கு கெடக்கூடாது. மேலிருந்து கீழே ஒவ்வொன்றும் சற்றுக் குட்டையாக இறங்க வேண்டும். வளைவும் அப்படியே. குட்டைப் பட்டைக்கு மேலுள்ளதைவிடச் சற்றே அதிக வளைவு இருக்கும். பட்டைகளை நடுவில் கோர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டை முறுக்கும் முன் இரண்டுக்கும் நடுவில் மெல்லிய வெளிச்சம் தெரிய வேண்டும். விரலே நுழையும் அளவு இடைவெளி இருந்தால் லோடு ஏறும் முன்பே பட்டையில் பாதி பலம் செலவாகிவிட்டது என்று பொருள். வளைவே இல்லாமல் தட்டையாக இருந்தால் நுனி தாங்காது, உள்ளே லூசாகக் கிடந்து கிணுகிணுக்கும்.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சேர்க்க வேண்டும். சென்டர் போல்ட்டும், கட்டையை ஆக்சிலோடு சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட்டும் நீளமானதாக மாற வேண்டும். பழைய யூ போல்ட்டையே போட்டு, நட்டுக்கு வெளியே ஒரு மரைகூடத் தெரியாமல் விடுவது ஆபத்து.

பழைய கட்டையைத் தட்டி வளைவு ஏற்றித் தருகிறேன் என்கிறார்களே?

குளிர்ந்த நிலையில் சம்மட்டியால் தட்டி ஏற்றிய வளைவு சில மாதம் நிற்கும், பிறகு மெதுவாக இறங்கும். அவசரத்துக்குச் சரி. கேஸ் வைத்துச் சிவக்கக் காய்ச்சி வளைப்பதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். பட்டை எஃகு, சூடேற்றி எண்ணெயில் குளிர்வித்து, மறுபடி குறைந்த சூட்டில் பதப்படுத்தி ஸ்பிரிங் ஆனது. டார்ச் பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும். அங்கேயே தொய்யும் அல்லது முறியும். பட்டையில் வெல்டிங் வைப்பதும் அதே கதைதான்.

என் வண்டியில் கட்டை இரண்டு மூன்று தடித்த பட்டைகளாக மட்டுமே இருக்கிறது. இதில் சேர்க்கலாமா?

அது பாராபோலிக். நடுவில் தடித்து நுனிக்குப் போகப் போக மெலியும். பட்டைகள் நடுவிலும் நுனியிலும் தவிர எங்கும் தொடாது. சாதாரணப் பட்டையை அதில் செருகக்கூடாது. அந்த மாடலுக்கென்று வரும் ஹெல்பர், அல்லது ஏர் பேக்.

ஏர் பேக் யாருக்குப் பொருந்தும்?

இன்று 300 கிலோ, நாளை 1,400 கிலோ, மறுநாள் காலி என்று ஓடுகிறவர்களுக்கு. காற்றை ஏற்றி இறக்கி விறைப்பை மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான் இதன் அருமை. ஒவ்வொரு முறையும் காற்று பார்க்கிற பொறுமை இல்லாத டிரைவர் கையில் இதே பொருள் சீக்கிரம் கிழியும்.

பையின் வேலை செய்யும் பரப்பு 100 சதுர செ.மீ. என்றால், சதுர செ.மீ.க்கு 3 கிலோ, அதாவது ஏறக்குறைய 43 பவுண்டு காற்றில் ஒரு பை 300 கிலோ தாங்கும். வாங்கும்போது பரப்பைக் கேட்டு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். காலியாக ஓடும்போதும் தயாரிப்பாளர் சொன்ன குறைந்தபட்சக் காற்று, பெரும்பாலும் 5 பவுண்டு அளவு, உள்ளே இருக்க வேண்டும். சுத்தமாக இறக்கிவிட்டால் ரப்பர் மடிந்து நசுங்கும்.

இடது வலது பைகளுக்கு ஒரே குழாயை டீ போட்டு இணைத்துவிடுவது வழக்கமான தப்பு. வளைவில் சாயும்போது பாரம் விழுந்த பையிலிருந்து காற்று மறு பைக்கு ஓடி, சாய்வை இன்னும் கூட்டும். இரண்டுக்கும் தனிக் குழாய், தனி வால்வு. சைலன்சர் குழாயின் சூடு படாத தூரம், பிரேக் பைப்பில் உரசாத பாதை இரண்டையும் வண்டியின் அடியில் படுத்துப் பார்த்தே உறுதி செய்யுங்கள். மாதம் ஒரு முறை எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள்.

இன்னொன்று. கட்டை தன் பாரத்தைச் சேஸில் முன், பின் என இரண்டு இடத்தில் இறக்குகிறது. ஏர் பேக் ஆக்சிலுக்கு நேர் மேலே ஒரே இடத்தில் இறக்கும். அதனால் களைத்த கட்டைக்கு மாற்றாக ஏர் பேக்கை வைத்து முழுப் பாரத்தையும் அதில் ஏற்றினால் சேஸ் அந்த இடத்தில் விரிசல் விடும்.

பம்ப் ஸ்டாப் இடத்தில் போடும் தடித்த ரப்பர்?

எளிய வேலை, பராமரிப்பு இல்லை. எப்போதாவது முழு லோடு ஏற்றுகிற வண்டிக்குப் போதும். தினமும் அதன் மேலேயே உட்கார்ந்து ஓடும் நிலை வந்தால் ஹெல்பருக்கு மாறுங்கள்.

ஷாக் அப்சார்பரைக் கனமானதாக மாற்றினால் பின்பக்கம் தூக்குமா?

தூக்காது. சாதாரண ஷாக் எடையைத் தாங்குவதில்லை. ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது மட்டுமே அதன் வேலை. ஆனால் கட்டையை விறைப்பாக்கியவர் ஷாக்கை மறந்தால், பள்ளத்தில் இறங்கிய வண்டி இரண்டு மூன்று முறை ஆடி நிற்கும். எண்ணெய் கசிந்து தூசி பிடித்த ஷாக்கை இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். பின்பக்க உயரம் கூடியிருந்தால் ஷாக்கின் நீளத்தையும் பாருங்கள். ஆக்சில் முழுவதும் தொங்கும்போது ஷாக் அதற்கு முன்பே முழுதாக நீண்டுவிட்டால் உள்ளே ராடு இடித்து உடையும்.

முன்பக்க டார்ஷன் பாரை முறுக்கி உயரம் ஏற்றலாமா?

டார்ஷன் பார் என்பது சில வண்டிகளில் முன்பக்க ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பி. அதை முறுக்கினால் உயரம் ஏறும், விறைப்பு கூடாது. முன் சக்கரம் கீழே இறங்கும் தூரம் குறைந்து, பால் ஜாயிண்ட் சீக்கிரம் தேயும். கம்பெனி அளவுக்குத் திருப்புவதோடு நிறுத்திக்கொண்டு, பிறகு வீல் அலைன்மென்ட் பாருங்கள்.

யூ போல்ட் முறுக்குவதில் என்ன இருக்கிறது?

கட்டை வேலையின் ஆயுளே அதில் இருக்கிறது. கட்டை உட்காரும் இடத்தைக் கம்பி பிரஷ் போட்டுத் துரு நீக்குங்கள். சென்டர் போல்ட்டின் தலை ஹவுசிங் சீட்டின் குழியில் சரியாக இறங்கியிருக்க வேண்டும். நான்கு நட்டையும் குறுக்கு மறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, சக்கரம் தரையில் நின்று வண்டி எடை கட்டையில் விழுந்த பிறகு, சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடியுங்கள். ஷேக்கிள் (கட்டையின் பின் நுனியைச் சேஸோடு இணைக்கும் ஆடும் இணைப்பு) மற்றும் முன் கண் (பட்டை நுனியின் வளையம்) போல்ட்டில் ரப்பர் புஷ் இருந்தால் அதையும் வண்டி தரையில் நின்ற பிறகுதான் இறுக்க வேண்டும். தொங்கவிட்டு இறுக்கினால் புஷ் முறுக்கிக்கொண்டே ஓடிக் கிழியும். முதல் 100 முதல் 200 கிலோமீட்டருக்குள் லோடோடு ஓடிய பின் மறுபடி ஒரு இறுக்கு. அப்போது கால் சுற்றாவது ஏறும். 1,000 கிலோமீட்டரில் இன்னொரு முறை. பழைய யூ போல்ட் ஏற்கெனவே நீண்டுவிட்டது, திரும்பப் போடாதீர்கள்.

பட்டை அடிக்கடி முறிகிறது. காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

முறிந்த இடத்தைப் பாருங்கள், அதுவே சொல்லும். சென்டர் போல்ட் ஓட்டையில் முறிந்திருந்தால் யூ போல்ட் லூசு. பட்டைகளுக்கு நடுவே காவி நிறப் பொடி கொட்டியிருக்கும். கண்ணுக்குப் பக்கத்தில் முறிந்திருந்தால் புஷ்ஷோ ஷேக்கிளோ பிடித்துக்கொண்டிருக்கிறது. முழு லோடில் ஷேக்கிள் பின்னால் படுத்துச் சேஸைத் தொடுகிறதா என்று குனிந்து பாருங்கள். தொட்டால் கட்டைக்கு நீள இடமே இல்லை. கண்ணுக்கும் நடுவுக்கும் இடைப்பட்ட இடத்தில் முறிந்திருந்தால் அதிக எடை, அல்லது துரு தின்ற குழி. முறிவின் முகத்தில் ஒரு பகுதி கறுத்தும் மீதி வெள்ளி போல மின்னியும் இருந்தால், கறுத்த பகுதி வெகுநாள் முன்பே விட்ட விரிசல். கழுவும்போது கவனித்திருந்தால் தெரிந்திருக்கும்.

கட்டையை மாற்றிய பிறகு பிரேக் முன்போல இல்லை. சம்பந்தம் உண்டா?

உண்டு. சில வண்டிகளில் ஆக்சிலிலிருந்து சேஸில் உள்ள ஒரு வால்வுக்குச் சிறு ராடு அல்லது ஸ்பிரிங் போகும். பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்து லோடை ஊகித்து, பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தை அந்த வால்வு கூட்டும், குறைக்கும். ஹெல்பரோ ஏர் பேக்கோ போட்டு லோடிலும் உயரமாக நிற்க வைத்தால், வால்வு வண்டி காலி என்று நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். 1,500 கிலோவோடு இறக்கத்தில் இறங்கும்போது இது உயிர் விஷயம். வேலை முடிந்த அன்றே அந்த ராடைச் சர்வீஸ் புத்தகப்படி செட் செய்யச் சொல்லுங்கள். கழற்றிக் கம்பியால் கட்டிவிட்டு அனுப்பினால் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

கட்டை பலமாகிவிட்டது. இனி கூடுதலாக ஏற்றலாமா?

கூடாது. டயரைப் பாருங்கள். பக்கவாட்டில் எடைக் குறியீடு 106/104 என்று இருந்தால், ஒற்றைச் சக்கரத்துக்கு 106, அதாவது டயருக்கு 950 கிலோ, இரண்டுக்கும் 1,900. நம் உதாரண வண்டியின் பின் ஆக்சில் காலியாகவே 700 கிலோ என்றால், 1,350 கிலோ ஏறியதும் 2,050. கட்டை சிரித்துக்கொண்டு தாங்கும், டயர் வரம்பைத் தாண்டியிருக்கும். அந்த வண்டிக்கு 110, அதாவது 1,060 கிலோ டயர் வேண்டும், அதுவும் சொன்ன காற்றோடு. டயருக்கு அடுத்து வீல் பேரிங், ஹவுசிங், பிரேக் எல்லாவற்றுக்கும் இதே கேள்வி உண்டு.

சட்டமும் ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையைத்தான் பார்க்கும், கட்டையை அல்ல. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 194-ன்படி கூடுதல் எடைக்கு 20,000 ரூபாயும், அதற்கு மேல் ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். அனுமதியில்லாத மாற்றத்துக்குப் பிரிவு 182ஏ-யில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று இருக்கிறது. அந்த மாடலுக்குக் கம்பெனியே தரும் பாகங்களைத் தேர்ந்தெடுப்பது எஃப்.சி. நேரத்தில் நிம்மதி தரும்.

இடது பக்கம் மட்டும் தாழ்கிறது. அந்தப் பக்கம் மட்டும் ஒரு பட்டை போடலாமா?

நம் சாலைகள் தண்ணீர் வடிய இடது ஓரம் சரிந்திருக்கும், வண்டி இடது பக்கமே ஓடுகிறது. அதனால் இடது கட்டை சற்று முன்பே களைப்பது சகஜம். ஒரு பக்கம் மட்டும் சேர்த்தால் பிரேக் பிடிக்கும்போது வண்டி இழுக்கும். முதலில் இடது வலது கட்டைகளை மாற்றிப் போட்டு, மறுபடி அளந்து பாருங்கள். தாழ்வு வலது பக்கம் மாறினால் கட்டை களைத்திருக்கிறது, ஜோடியாக மாற்றுங்கள். இடது பக்கமே நின்றால் டேங்க், ஸ்டெப்னி, டூல் பாக்ஸ் எந்தப் பக்கம் இருக்கிறது, ஷேக்கிள் பிராக்கெட் விரிந்திருக்கிறதா என்று தேட வேண்டும்.